கூட்டம் என்றால் அப்படித்தானா?

ஒவ்வொரு நெரிசல் சாவுக்குப் பிறகும் டீக்கடை பெஞ்சு முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே பேச்சுதான். "கூட்டம்னா அப்படித்தான் இருக்கும். நம்ம சனங்களுக்கு ஒழுங்கு பத்தாது. இம்புட்டுப் பேரு வருவாகன்னு யாரு கண்டா? இன்னும் நூறு போலீஸ் போட்டிருக்கணும். இல்ல, பெரிய கம்பெனிகிட்ட விட்டிருக்கணும். ஆயுசு அவ்வளவுதான், என்ன செய்ய?" 1992இல் கும்பகோணத்துக்குப் பிறகு இதைச் சொன்னார்கள். 2025 செப்டம்பர் 27ஆம் தேதி கரூர் வேலுச்சாமிபுரத்தில் ஒரு கட்சிக் கூட்டத்தில் 41 பேர் இறந்த பிறகும் இதையேதான் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கிறது.

முதலில் அந்த 'ஒழுங்கு'.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. வெள்ளிக்கிழமை இரவே குட்டி லாரிகளில் ஆடு வந்து இறங்கத் தொடங்கிவிடும். பொழுது விடிவதற்குள் வியாபாரம் சூடு பிடித்துவிடும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்திய வாரங்களில் நிற்க இடமிருக்காது. பல்லைப் பிடித்துப் பார்ப்பவர், விலை படியாமல் நடந்துபோகிற மாதிரி நடந்து திரும்பி வருபவர், வாங்கிய குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுபவர் என்று ஒரே அமளி. வரிசை கிடையாது, தடுப்புக் கட்டை கிடையாது. வெளியூர்க்காரர் பார்த்தால் ஒழுங்கே இல்லாத கூட்டம் என்றுதான் சொல்வார். ஆனால் இங்கே யாரும் யாரையும் நசுக்குவதில்லை. காரணம் எளிது. எல்லாரும் முண்டியடித்துப் பார்க்க ஒரு மேடை இல்லை. வருகிறவர் அவரவர் நேரத்துக்கு வருகிறார், வேலை முடிந்ததும் போகிறார். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வெளியேறலாம். அதே ஆள் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போய் நெரிசலில் மாட்டினால், 'ஒழுங்கில்லாதவர்' ஆகிவிடுகிறார். ஒரே இரவில் அவர் குணம் மாறிவிட்டதா, அவரை நிறுத்திய இடம் மாறியதா?

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1992 பிப்ரவரி 18ஆம் தேதி மகாமகக் குளத்தில் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். 2016இல் மறுபடி மகாமகம். அதே குளம், அதே படிக்கட்டு, அதே பக்தி, அதே தமிழ்ச் சனம். 1992 போல எதுவும் நேரவில்லை. 24 ஆண்டுகளில் நாமெல்லாம் ஒழுங்கு கற்றுக்கொண்டோம் என்று யாராவது சொல்வாரானால் எந்தப் பஸ் நிலையத்துக்கும் அவர் அண்மையில் போகவில்லை என்று அர்த்தம். மாறியது ஏற்பாடு. மகாமக நாள் ஒன்றில் மட்டும்தான் புண்ணியம் என்றில்லாமல், விழா நடக்கும் பத்து நாளில் என்றைக்கும் நீராடலாம் என்ற செய்தி பரப்பப்பட்டது. ஒரே நாளில் குவிய வேண்டிய கூட்டம் பல நாளாகப் பிரிந்தது.

இங்கிலாந்திலும் இதே பழிதான் போட்டார்கள். 1989இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசல். கடைசிக் கணக்கில் இறந்தவர்கள் 97 பேர். ரசிகர்கள் குடித்துவிட்டு முட்டி மோதினார்கள் என்று பத்திரிகையே எழுதியது. 27 ஆண்டு கழித்து, 2016இல், மரண விசாரணை நடுவர் குழு ரசிகர்கள் மேல் தவறில்லை என்று தீர்ப்புச் சொன்னது. உள்ளே ஏற்கெனவே நிரம்பியிருந்த பகுதிக்குள் வெளிவாசலைத் திறந்துவிட்டது யார் என்பதுதான் கேள்வியாக நின்றது. நெரிசலில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டிச் சாகிறார்கள். முன்னால் இருப்பவர் சாகிறார் என்பது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. அவர் தள்ளுவதுகூட இல்லை, அரை அடி முன்னால் வைக்கிறார், அவ்வளவுதான். இதில் குணத்துக்கு எங்கே இடம்?

'இவ்வளவு பேர் வருவார்கள் என்று யார் கண்டார்கள்' என்பது அடுத்தது. எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். நம் பக்கத்தில் கல்யாணத்துக்குச் சமைக்கிற மாஸ்டர் எவரையாவது கேட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே விசாரணை தொடங்கிவிடும். "பத்திரிகை எத்தனை அடிச்சீக அண்ணாச்சி? அன்னைக்கு ஊருக்குள்ள வேற முகூர்த்தம் இருக்கா? மண்டபம் பஸ்டாண்டுப் பக்கமா, உள்ளயா? முந்தின நாளு மழை பெஞ்சிருக்குமா?" விதைப்புக் காலத்தில் நல்ல மழை விழுந்தால் பாதிச் சம்சாரி காட்டில்தான் இருப்பார், பந்திக்கு வரமாட்டார் என்பதுவரை அவருக்குக் கணக்கு உண்டு. ஐந்நூறு இலை என்று வீட்டுக்காரர் சொன்னால் அறுநூறுக்கு அரிசி களைந்து, இன்னும் ஐம்பதுக்கு ரவையைக் கையில் வைத்திருப்பார். சாப்பாடு பற்றாமல் போனால் பெயர் கெடும் என்ற ஒரே பயத்தில் இவ்வளவு முன்யோசனை. உயிர் போகக்கூடிய இடத்தில் மட்டும் கூட்டம் 'எதிர்பாராதது' ஆகிவிடுகிறது.

கரூரில் 10,000 பேர் என்று சொல்லி அனுமதி கேட்டார்கள், ஏறக்குறைய 27,000 பேர் வந்தார்கள் என்பது காவல்துறை சொன்ன கணக்கு. இதை நிலக் கணக்காக மாற்றிப் பார்ப்போம், நமக்குப் பழகியது அதுதான். ஒரு சதுர மீட்டர் என்பது மூன்றே கால் அடிக்கு மூன்றே கால் அடி. அதில் நான்கு பேர்வரை நிற்கலாம். ஆறு ஏழு பேர் ஆகிவிட்டால் யாரும் தன் காலால் நகர முடியாது. கூட்டமே அலையாக ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். நான்கு பேர் கணக்கில் 10,000 பேருக்கு ஏறக்குறைய 62 சென்ட் வேண்டும். 27,000 பேருக்கு ஒன்றே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இது நிற்க மட்டும். நடுவில் வண்டி வர, ஆம்புலன்ஸ் போக, மயங்கியவரைத் தூக்கி வெளியே கொண்டுவரத் தனி. இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்புப் போதும். கூட்டம் கூடும் என்று ஆசைப்பட்டு மாதக்கணக்கில் சுவரொட்டி ஒட்டுகிறவர், கூட்டம் கூடிய பிறகு அதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் எப்படி நம்புவது?

எண்ணிக்கையைவிடக் கொடியது காத்திருப்பு. கரூரில் நண்பகலிலிருந்தே சனம் நின்றது. கட்சித் தலைவர் வந்து சேர்ந்தது இரவு ஏழு மணிக்கு மேல். ஏழு மணி நேரம் வெயிலிலும் தாகத்திலும் நின்றவர் இடத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகமாட்டார். போனால் திரும்ப முடியாதே. நேரத்துக்கு வருவது மரியாதை பற்றிய விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய கூட்டம் நடத்தித் தேர்ந்தவர்களைக் கேட்டால், அதைப் பாதுகாப்பு ஏற்பாட்டில் முதல் வரியாக எழுதுவார்கள்.

இன்னும் நூறு போலீஸ் போட்டிருந்தால்? சந்தில் நூறு பேரைக் கூட்டினால் சந்தில் நூறு பேர் கூடுவார்கள். போலீஸ்காரரும் இடம் அடைப்பவர்தான். தேவைப்படுவது வழி. இங்கிலாந்தின் மைதானப் பாதுகாப்புக் கையேடு ஒரு கணக்குச் சொல்கிறது: சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் கடக்கலாம். நம் ஊர்ப் பத்தடிச் சந்து மூன்று மீட்டர். நிமிடத்துக்கு 246 பேர். 10,000 பேர் வெளியேற நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் எதிரே ஒருவரும் வராமல், நடுவில் ஒரு பஜ்ஜிக் கடையோ ஒரு புல்லட்டோ நிற்காமல் இருந்தால். 2024 அக்டோபர் 6ஆம் தேதி சென்னை மெரினாவில் விமானப்படைச் சாகசம் பார்க்கப் போன ஐந்து பேர் இறந்தார்கள். கொளுத்தும் வெயிலில் பதினொரு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிந்த நிகழ்ச்சி. காலையிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த சனம் ஒரே நேரத்தில் கிளம்பியது. வரும் வழியைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள். போகும் வழி யார் தலையிலும் உதிப்பதில்லை.

போலீஸைவிட மைக்செட்காரரால் காப்பாற்ற முடிந்த உயிர்கள் அதிகம் என்று நான் நினைக்கிறேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை. கொடை விழாவுக்குத் தெருத்தெருவாகக் கம்பத்தில் குழாய் கட்டுகிறார்களே, அதைக் காது கிழிகிறது என்று திட்டுகிறோம் (திட்ட வேண்டியதுதான்). ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசித் தெருவில் நிற்பவருக்கும் வில்லுப்பாட்டு கேட்டால் அவர் எதற்கு முன்னால் வருகிறார்? மேடைக்குப் பக்கத்தில் மட்டும் ஆளுயர ஸ்பீக்கரை அடுக்கிவிட்டுப் பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காமல் செய்தால், அவரை முன்னால் வரச் சொல்லி அழைத்ததற்குச் சமம். நெரிசல் தொடங்கிவிட்டால் "அங்கேயே நில்லுங்க" என்று சொல்வதற்குக் குரல் போய்ச்சேர வேண்டுமே.

பெரிய கம்பெனியிடம் விட்டால் சரியாகிவிடும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட், ரஷ்யாவில் நடக்க வேண்டியது. நான்கே மாத அவகாசத்தில் இங்கே வந்தது. 180க்கு மேற்பட்ட நாடுகளின் அணிகளை இறக்கி, தங்க வைத்து, பஸ்ஸில் கொண்டுபோய் மேசையில் உட்கார வைத்து, பிசகில்லாமல் அனுப்பினார்கள். அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வருகிற ஆள் யார், எத்தனை பேர், எந்த நாள் என்று முன்கூட்டியே தெரியும். பார்வையாளருக்குச் சீட்டு உண்டு. யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிற திறந்த கூட்டம் வேறு வித்தை.

சீட்டு இருந்தாலும் தப்பு நேரலாம் என்பதை 2023 செப்டம்பர் 10ஆம் தேதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சி காட்டியது. தொழில்முறை ஏற்பாட்டாளர்கள்தான். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் வாசலைக்கூட எட்ட முடியாமல் திரும்பினார்கள். 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூரில் ஐ.பி.எல். வெற்றி விழாவில் 11 பேர் இறந்தார்கள். அங்கே பணத்துக்குக் குறைவா, கம்பெனிக்குக் குறைவா?

எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழுந்த கதையை இந்தக் கம்பெனிப் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கல்கி கிருஷ்ணமூர்த்தி தம் பத்திரிகையில் எழுதி வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில் அவரே, அப்போது மேற்கு வங்காள ஆளுநர், வந்து திறந்துவைத்தார். ஊருக்கு ரயில் கிடையாது. கோவில்பட்டியில் இறங்கிப் பதினைந்து கிலோமீட்டர் வர வேண்டும். மாதமோ மழை எட்டிப்பார்க்கும் மாதம். கரிசல் நனைந்துவிட்டால் வண்டிச் சக்கரம் தேங்காய் உருண்டை மாதிரி மண்ணைச் சேர்த்துக்கொண்டு நின்றுவிடும், மனிதர் செருப்பைக் கையில் தூக்க வேண்டியதுதான். விழா நடத்துவதைத் தொழிலாகக் கொண்ட நிறுவனம் என்ற பேச்சே அன்றைக்குக் கிடையாது. ஒரு பத்திரிகைக்காரர் முன்னின்ற காரியம் அது.

அசல் தொழில்காரரிடம் இருப்பதும் கம்பெனிப் பலகை அல்ல. நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருப்பார், அதுதான் வித்தியாசம். கழுகுமலையில் தேர் ஓடும்போது கவனியுங்கள். வடம் பிடிப்பவர் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்தபடியே நகர்கிறவர் கையில் சறுக்குக்கட்டை இருக்கும். அவர் கட்டையை வைத்துவிட்டால் தேர் நின்றாக வேண்டும். மேலே நிற்கும் குருக்களோ, மாலையோடு நிற்கும் பெரிய மனிதரோ, "ஏன் நிறுத்தினாய்" என்று கேட்க மாட்டார்கள். அரசியல் கூட்டத்திலோ சினிமா விழாவிலோ அந்தக் கட்டை யார் கையில் இருக்கிறது? தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது மேடைக்குப் போய், "ஐயா, நிறுத்துங்க" என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர் உண்டா? ஒருவரும் இல்லையென்றால், எத்தனை லட்சத்துக்குக் கம்பெனி வைத்தாலும் ஒன்றுதான்.

மிச்சம் இருப்பது விதி. 2022 ஏப்ரல் 27ஆம் தேதி தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். தெருவில் புதிதாகச் சாலை போட்டு மட்டம் உயர்ந்திருந்தது. தேரின் உச்சிக்கும் கம்பிக்கும் இருந்த இடைவெளி அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. ஒரு மூங்கில் கழியைத் தேர் உயரத்துக்கு வெட்டி, முந்தின நாள் வீதி முழுக்க நட்டமாகப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தால் தெரிந்திருக்கும். அதை விதி என்று சொன்னால் மூங்கிலுக்குக்கூடக் கோபம் வரும்.

இப்படியெல்லாம் கணக்குப் பார்த்தால் விழாவில் களை போய்விடும், செலவு தாளாது என்று ஒரு பதில் வரும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போய்வந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் கோயில். லட்சக்கணக்கில் சனம். விடிய விடிய நடந்து ஒரு கூட்டம் வந்துகொண்டிருக்கும், முந்தாநாள் வந்த கூட்டம் ஆற்று மணலில் பொங்கல் வைத்து, மொட்டை போட்டு, கிடா வெட்டிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும். களைக்கு என்ன குறை? காய்ந்த ஆறு இடம் கொடுக்கிறது, நேர்த்திக்கடன் நாளைப் பரப்புகிறது. இதற்குப் பத்துப் பைசா செலவில்லை.

ஆற்று மணல் இல்லாத ஊரில் அனுமதி கொடுக்கிற அதிகாரி ஒரு தாளில் ஐந்தே கேள்வி கேட்டால் போதும். இடம் எத்தனை சென்ட்? வெளியேற எத்தனை வழி, எத்தனை அடி அகலம்? முக்கியமானவர் வந்து சேரும் நேரம் என்ன, தாமதமானால் தண்ணீருக்கு என்ன வழி? தேரோ பந்தலோ எவ்வளவு உயரம், மேலே கம்பி எவ்வளவு உயரம்? நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, அவர் செல்பேசி எண் என்ன? ஐந்தாவதற்குப் பதில் எழுதாத விண்ணப்பத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.