பழைய வேஷ்டியும் பிரில் கவுனும்

திருவொற்றியூர் சகோதரி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். மகளுக்குத் தலைப்பிரசவம். சித்திரைக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்களாம். "எங்க பக்கம் குழந்தைக்குப் பழந்துணிதான் முதல்ல போடுவோம். மாப்பிள்ளை வீட்டிலே எல்லாம் புதுசா, செட்டா வேணும்கிறாங்க. என்ன செய்யட்டும்?"

என் ஓட்டு பழந்துணிக்கே. பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேஷ்டியை விட மிருதுவான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. கஞ்சி இருக்காது, சாயம் போகாது, வியர்வையை உறிஞ்சும். எம்.சி. ரோடில் தொங்கும் பிரில் கவுன்கள் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நைலான் லேஸும் ஜிகினாப் பூவும் வைத்த கவுனைக் கத்திரி வெயிலில் பச்சைக் குழந்தைக்கு மாட்டினால், கழுத்தெல்லாம் வேர்க்குருதான். பேர் வைக்கிற அன்றைக்கு ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். சம்பந்தி வீட்டுக்கும் மனக்குறை இராது!

ஆனால் பழந்துணி விஷயத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. அந்த வேஷ்டியும் தூளிப் புடவையும் இத்தனை நாள் எங்கே இருந்தன? பீரோவிலா, டிரங்குப் பெட்டியிலா? கூடவே அந்துருண்டை போட்டிருந்தீர்களா?

அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின், சில குழந்தைகளுக்கு விஷம். ஜி-6-பி-டி என்ற ஒரு நொதி ரத்தத்தில் பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகள் நம் நாட்டிலும் உண்டு. அதிகமும் ஆண் குழந்தைகள். பார்த்தால் தெரியாது. அந்த வாசனை ஏறிய துணியில் சுற்றினால், அவர்களுக்கு ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாக ஏறிவிடும். மூளையையே பாதிக்கும் அளவுக்கும் போகலாம். எண்ணெய் தேய்த்த உடம்பென்றால் நாப்தலின் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். நாமோ தினமும் எண்ணெய் தேய்ப்பவர்கள்! ஆகவே பிள்ளைக்கென்று வைக்கும் துணியில் அந்துருண்டையே வேண்டாம். வேப்பிலைச் சருகு போதும். ஏற்கெனவே வாசனை ஏறியிருந்தால், வேறு துணி பாருங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

இனி, துணி காயப்போடும் கதை. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நம் பக்கத்தில் அப்படியா? ராயபுரத்துப் பெண்களைக் கேளுங்கள். துறைமுகத்து நிலக்கரித் தூள் கொடியில் கிடக்கும் வெள்ளைத் துணியில் படிந்த கதையை இன்றைக்கும் சொல்வார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2011-ல் அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது. நின்றதே தவிர, நிலக்கரி எங்கே போயிற்று? எண்ணூர்த் துறைமுகத்துக்குத்தான்! எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும், அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் தொல்லை தீரவில்லை.

துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போடு என்பார்கள் பெரியவர்கள். பிள்ளையின் தோலில் படுகிற பக்கத்திலா தூசி படிய வேண்டும்? நம் பகுதியில் திருப்பாமலே போடுங்கள். வெயில் வேண்டியதுதான், ஆனால் காய்ந்ததும் எடுத்து, நன்றாக உதறி, மூடி வையுங்கள். ராத்திரி முழுக்க மாடியில் விடாதீர்கள். வாசனைத் திரவம், கஞ்சி எதுவும் வேண்டாம். சோப்பு போக இரண்டு முறை அலசினால் போதும்.

புதிதாகத் தைப்பதென்றால் மல் துணி வாங்குங்கள். ஒரு மீட்டரில் மூன்று ஜபலா தாராளமாக வரும். முன்பக்கம் திறந்து, நாடா கட்டுகிற மாதிரி தைத்தால் தலை வழியாக மாட்டும் அவஸ்தை இல்லை. நாடா குட்டையாக, பக்கவாட்டில் இருக்கட்டும், கழுத்தருகே வேண்டாம். ஆறேழு ஜபலா, இடுப்புத் துணி இரண்டு டஜன் போதும். மூன்று மாதத்தில் எல்லாம் சிறிதாகிவிடும்.

எத்தனை துணி சுற்றுவது? பிறந்த முதல் சில நாட்கள் குழந்தையால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தலையை மூடி, தாயின் மார்போடு அணைத்து வைக்க வேண்டும். எடை குறைந்த பிள்ளை என்றால் டாக்டரம்மா சொன்னபடி. அதற்குப் பிறகு கத்திரியில் ஒரே ஒரு மெல்லிய சட்டை போதும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: ஈரமாக இருந்தால் புழுங்குகிறது என்று அர்த்தம். கை, கால் ஜில்லென்று இருப்பதை மட்டும் வைத்துக் கம்பளி சுற்ற வேண்டாம்.

கையுறை, காலுறை போட்டால் முதலில் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தொங்கும் ஒரு நூல் பிஞ்சு விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். காரணமில்லாமல் பிள்ளை வீறிட்டு அழுதால் முதல் வேலையாக அதைக் கழற்றி, ஒவ்வொரு விரலாகப் பாருங்கள்.