இடம் காட்டி வலம் பாய்தல்

சென்ற ஞாயிறு நம் குடியிருப்புச் சிறுவர் பந்தாடுகையில், கால் சற்று வளைந்த ஒருவன் மட்டும் கோட்டுக்கு வெளியே செருப்புகளுக்குக் காவலிருந்தான். "இந்தக் காலுக்குப் பந்து எதற்கு?" என்றார் அவன் தந்தையார்.

பிரேசில் நாட்டுக் கரிஞ்சாவை அவர் அறியார் போலும். பிறவியிலேயே கால்கள் வளைந்த கரிஞ்சா, 1958, 1962 ஆகிய இரு உலகக் கோப்பைகளையும் வென்ற அணியின் வலப்புற ஆட்டக்காரர். அவர் வித்தை பெரும்பாலும் ஒன்றே. பந்தைத் தொடாமலே உடலை இடப்புறம் சாய்த்துப் போக்குக் காட்டுவார். மறுகணம் பந்துடன் வலப்புறம் பாய்வார். எதிர்ப்பவர் இதனை முன்பே அறிந்தவர்தாம், அறிந்தும் ஏமாந்தனர். ஏனெனில், அவர் தோள் சாயும் பக்கம் தடுப்பவனின் உடற்பாரமும் தானே சாய்கிறது. பாரம் ஏறிய காலை எடுத்து அவன் திரும்புவதற்குள் பந்து கடந்துவிடும். நம் சிறுவரோ பந்தின்மேல் காலை நாலு முறை சுழற்றுகின்றனர். உடல் மட்டும் சாய்வதில்லை. எவன் ஏமாறுவான்?

1958-இல் சோவியத் அணியுடன் ஆடியதே கரிஞ்சாவின் முதல் உலகக் கோப்பை ஆட்டம். முதல் நிமிடத்திலேயே தடுத்தவரை ஏய்த்து அவர் உதைத்த பந்து கம்பத்தில் மோதிற்று.

அத்தந்தையாருக்கு ஒரு வார்த்தை: வரும் ஞாயிறு மாலை நாமே வந்து பையனை அழைத்துச் செல்வோம். செருப்புகளைத் தாங்கள் பார்த்துக்கொள்ளலாம்.