மேடை வெளிச்சத்துக்குப் பின்னால் வாடும் சிறார்கள்

திருப்பதியிலோ சித்தூரிலோ பாட்டு பயிலும் ஒரு சிறுமி தொலைக்காட்சிப் போட்டிக்குத் தேர்வானால், அவள் செல்ல வேண்டிய இடம் பெரும்பாலும் ஹைதராபாத் அல்லது சென்னை. இரண்டுமே இன்று அவளுக்கு வேற்று மாநிலங்கள். பாடலும் கைதட்டலும் கண்ணீரும் திரையில் தெரிகின்றன. காத்திருந்த மணிகளும் விடுபட்ட பாடங்களும் தெரிவதில்லை.

சட்டம் இல்லை என்று கூற முடியாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் செய்யப்பட்ட திருத்தம், கலைஞராகப் பங்கேற்கும் சிறார்களுக்கு விலக்கு அளித்தது. 2017-ல் வெளியான விதிகள் அந்த விலக்குக்கு வரம்பு கட்டின. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலோ வேலை கூடாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. வருவாயில் குறைந்தது 20 சதவீதத்தைச் சிறாரின் பெயரில் வங்கியில் வைப்பாகச் செலுத்த வேண்டும். விருப்பத்துக்கு மாறாக எவரையும் பங்கேற்கச் செய்யக் கூடாது.

ஆனால், தயாரிப்பாளர் அனுமதி பெற வேண்டியது நிகழ்ச்சி நடைபெறும் மாவட்டத்தின் ஆட்சியரிடம்தான். 2022 ஏப்ரலில் சித்தூரைப் பிரித்துத் திருப்பதி தனி மாவட்டமாக்கப்பட்டது. நிர்வாகம் மக்களை நெருங்கியது. எனினும், அந்த மாவட்டச் சிறுமி வேற்று மாநிலப் படப்பிடிப்புத் தளத்தில் எத்தனை நாள் நிற்கிறாள் என்பதை அங்குள்ள ஆட்சியருக்குத் தெரிவிக்கும் கடமை எவருக்கும் இல்லை. அவள் படிக்கும் பள்ளியும் அவள் திரும்பி வரும் வீடும் இருப்பதோ அங்கேதான்.

2008-ல் கொல்கத்தாவைச் சேர்ந்த 16 வயது மாணவி, நடன நிகழ்ச்சியில் நடுவர்கள் கடிந்துகொண்ட பின் பேச்சும் இயக்கமும் குன்றியதாக வந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' வெளிவந்தது. பார்வையாளரைக் கவர்வதற்காகச் சிறாரின் உடையும் பேச்சும், ஏன், காதலும்கூட எவ்வாறு புனையப்படுகின்றன என்பதை இளம் வாசகர்களுக்குச் சொன்ன நாவல் அது. நம் பதின்வயதினருக்கும் இத்தகைய கதைகள் தேவை. விதிகளால் நேரத்தை அளக்க முடியும். மேடையில் நேரும் அவமானத்தை இலக்கியமே எடுத்துரைக்க முடியும்.

போட்டி என்றாலே கொடுமை என்பதும் இல்லை. நகரியிலும் காளஹஸ்தியிலும் பள்ளியில் படித்த எஸ்.பி.பாலசுப்பிரமணியம், 1996-ல் தொடங்கிய 'பாடுதா தீயகா' தெலுங்கு நிகழ்ச்சியில் பிழையைத் திருத்தினார், பிள்ளைகளைப் புண்படுத்தவில்லை. அந்த நிகழ்ச்சிக்கு மக்கள் ஆதரவும் குறையவில்லை.

2019 ஜூனில் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகம், சிறார் நடன நிகழ்ச்சிகளில் கட்டுப்பாடு காக்குமாறு தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை வழங்கியது. அறிவுரை மட்டும் போதாது. அனுமதியின் நகல் சிறாரின் சொந்த மாவட்ட ஆட்சியருக்கும் பள்ளிக்கும் செல்ல வேண்டும். போட்டியிலிருந்து வெளியேறும் சிறாருக்கு மனநல ஆலோசனை கட்டாயமாக வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; விதிகளில் சில வரிகள் சேர்த்தாலே போதும். தில்லி மனம் வைக்க வேண்டும்.