கோட்டையில் ஒரு நாற்காலி போதுமா?

கூடங்குளம் அணு உலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன ‘பூவுலகின் நண்பர்கள்’ சுந்தர்ராஜன், 2022-ல் தமிழக முதல்வர் தலைமையில் அமைந்த காலநிலை மாற்றக் குழுவில் நந்தன் நீலேகணி, மாண்டேக் சிங் அலுவாலியாவோடு உறுப்பினரானார். வழக்காடியவரையே அரசு ஆலோசனைக்கு அழைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கூட்ட அறைக்கும் கல்வராயன் மலைக்கும் தூரம் அதிகம். 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்த மலை அது. 2024 ஜூனில், அந்த மலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான், உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து மலைமக்களுக்குச் சாலை உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று கேட்டது. அந்த மலைக்கு நீண்டகாலச் சூழல் திட்டம் என்றால் அங்கே விளையும் மரவள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். சரிவில் அந்தக் கிழங்கைப் பிடுங்கும்போது வேரோடு மண்ணும் பொலபொலவென்று பெயர்கிறது. அடுத்த மழையில் அது ஓடையில் இறங்கிவிடும். சாமையும் தினையும் மண்ணை இப்படிப் புரட்டுவதில்லை. அதற்காக ‘மரவள்ளி போடாதே’ என்று மலையாளிப் பழங்குடி விவசாயியிடம் சொல்ல எந்தச் சூழல் அமைப்புக்கும் வாய் வரக்கூடாது. அந்தக் கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலை கையில் ரொக்கம் தருகிறதே! அமைப்புகள் சாமைக்கு நல்ல விலையும் அரசுக் கொள்முதலும் கேட்டு வாதாடட்டும். காட்டைக் காக்கும் அதிகாரத்தை 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத்தான் கொடுத்திருக்கிறது. அதனால் ஆட்சியர் நடத்தும் மாவட்டக் காலநிலைக் கூட்டத்தில் கல்வராயனின் வெள்ளிமலைக்காரர்களுக்கும் நாற்காலி போடச் சொல்லி, சென்னை அமைப்புகள் முதலில் அதைக் கேட்டு வாங்கட்டும்.