இயல்பிருப்பு யாருடைய முடிவு?

1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியபின் திட்டமிட்டு அமைக்கப்பட்ட விரிவாக்கங்களுள் மல்லேஸ்வரம் ஒன்று. மனை பெற்றவர் வீடு கட்டாவிட்டாலும் அது அவருக்குரியது. பக்கத்து வீட்டார் அதில் சுவர் எழுப்ப முடியாது. மெய்நிகர் சேமிப்பகத்தில் ‘திக் புரொவிஷனிங்’ எனப்படும் முழு ஒதுக்கீடு இத்தகையது: கேட்ட இடம் முழுவதும் தொடக்கத்திலேயே ஒருவர் பெயரில் பிடித்துவைக்கப்படும். ‘தின் புரொவிஷனிங்’ எனும் மெலிந்த ஒதுக்கீடோ, ஆயிரம் பேரை அழைத்துவிட்டு அறுநூறு பேருக்குச் சமைக்கும் கல்யாண வீட்டுக் கணக்கு. எழுத எழுதத்தான் இடம் கிடைக்கும்.

இவற்றுள் எதுவும் தேர்ந்தெடுக்கப்படாதபோது தானாக அமைவதைத் தமிழ்க் கணிமை ‘இயல்பிருப்பு’ என்கிறது. ‘இயல்பு’ என்றதும், எவரும் முடிவெடுக்காமலே அமைந்தது என்னும் பொருள் தொனிக்கிறது. அது உண்மையன்று. விஎம்வேர் நிறுவனத்தின் விஎம்எஃப்எஸ் கோப்பமைப்பில் புதிய வட்டுக்கு இயல்பிருப்பு முழு ஒதுக்கீடு. அதே நிறுவனத்தின் விசான் இயல்பிருப்புக் கொள்கையில் இட முன்பதிவு சுழியம், அதாவது மெலிந்த ஒதுக்கீடு. ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு ‘இயல்புகள்’ இருக்குமாயின், இரண்டும் எவரோ எடுத்த முடிவுகளே.

மெலிந்த ஒதுக்கீட்டில் நியாயம் உண்டு. பத்து ஆய்வாளர்களுக்குத் தலா 500 ஜிபி என்றால் வாக்களித்தது 5 டிபி. ஆளுக்கு 150 ஜிபி மட்டுமே பயன்படுமெனில் 2 டிபி வட்டே போதும். எஞ்சிய 3 டிபியை வாங்கி வெறுமையாகச் சுழலவிடுவது பொதுப்பணத்தை வீணடிப்பது. ஆனால் நால்வர் தம் பங்கை முழுமையாகப் பயன்படுத்திவிட்டால் வட்டு நிரம்பிவிடும். அப்போது 30 ஜிபியோடு அடக்கமாக இருந்தவரின் இயந்திரமும் புதிய இடம் கேட்கும் நொடியில் நின்றுபோகும். அவருடைய திரை அதுவரை 470 ஜிபி மீதமிருப்பதாகவே காட்டியிருக்கும். கோப்புகளை அழித்தாலும், விடுபட்ட இடத்தைச் சேமிப்பகத்துக்குத் திருப்பித்தரும் கட்டளை செல்லாதவரை நிலைமை மாறாது.

ஆகவே, மெலிந்த ஒதுக்கீடு இயல்பிருப்பாக இருக்கலாம், மறைவாக இருக்கலாகாது. வாக்களித்த அளவும் உண்மையில் உள்ள அளவும் பயனர் அனைவருக்கும் தெரியவேண்டும். நிரம்புவதற்கு நெடுமுன்பே எச்சரிக்கை எழவேண்டும். மீண்டும் திரட்ட முடியாத களப்பதிவுகளும் தரவுத்தளங்களும் முழு ஒதுக்கீட்டில் இருக்கவேண்டும். கடன் கொடுத்தவருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கு எழுதுவதை எந்தத் துறையும் சிக்கனம் என்று அழைப்பதில்லை.