பூங்காவும் பொதுஜன அபிப்பிராயமும்

நமது தேசத்தில் மழைக்குப் பஞ்சம் வந்ததுண்டு. அரிசிக்குப் பஞ்சம் வந்ததுண்டு. அபிப்பிராயத்துக்கு மட்டும் எக்காலத்திலும் பஞ்சம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நாலு பேரிடம் சென்று, "சென்னைக் கிண்டியிலுள்ள தேசியப் பூங்காவை அபிவிருத்தி செய்ய வேண்டும், உங்கள் யோசனை என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஊஞ்சல் போடச் சொல்வார். இன்னொருவர் நல்ல சிற்றுண்டிச்சாலை வேண்டும் என்பார். மூன்றாமவர் காலியாகக் கிடக்கும் இடத்திலெல்லாம் மரம் நடச் சொல்வார். நாலாமவர், "அங்கே என்ன இருக்கிறது, இப்போது என்ன குறை என்று முதலில் சொல்லுங்கள், பிறகு யோசித்துச் சொல்கிறேன்" என்பார். மற்ற மூவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் பொதுஜன அபிப்பிராயம் என்பதன் சூட்சுமம் முழுவதும் அந்த நாலாமவர் வாயில்தான் இருக்கிறது.

கிண்டிப் பூங்காவைப் பற்றிக் கருவேப்பிலங்குறிச்சியில் ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் ஆட்சேபிக்கக் கூடும். ஏன் கேட்கக் கூடாது? விருத்தாசலத்தில் ரயிலேறிச் சென்னை செல்லும் குடும்பங்கள் கிண்டியைத் தாண்டித்தான் எழும்பூருக்குப் போகின்றன. மான் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கும் குழந்தைகள் இந்த ஊரிலும் உண்டு. மேலும், "தேசிய" என்ற சொல்லைப் பெயர்ப் பலகையின் அழகுக்காக எழுதி வைக்கவில்லை. அது தேசத்தின் சொத்து என்றால், வெள்ளாற்றங்கரையில் வாழ்கிறவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பங்கு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்ப்போம். கிண்டிக் காடு ஒரு காலத்தில் சுமார் 5 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம் இருந்தது. 1978-ஆம் வருஷத்தில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது மிஞ்சியது ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர்தான். மீதி எங்கே போயிற்று? யாரும் திருடிச் செல்லவில்லை. காந்தி மண்டபத்துக்குக் கொஞ்சம், 1959-இல் ஏற்பட்ட ஐ.ஐ.டி.க்குப் பெரும் பகுதி, மற்றத் தலைவர்களின் நினைவாலயங்களுக்குக் கொஞ்சம் என்று போயிற்று. இவற்றில் எதைக் குறை சொல்ல முடியும்? மகாத்மாவுக்கு மண்டபம் வேண்டாம் என்பவர் யார்? இளைஞர்களுக்குக் கல்வி வேண்டாம் என்பவர் யார்? ஒவ்வொன்றும் உத்தமமான காரியம். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துக் கொண்டால் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பாதிக் காட்டைக் காணோம். காடு கெட்ட எண்ணத்தால் மட்டுமே அழியும் என்று நினைப்பது தவறு. நல்ல எண்ணம் தவணை முறையில் வந்தாலும் அழியும்.

இங்கே "அபிவிருத்தி" என்ற சொல்லைச் சற்றுச் சோதிக்க வேண்டும். யாருடைய அபிவிருத்தி? 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்குச் சந்தேகமில்லாமல் பதில் சொல்கிறது. தேசியப் பூங்காவில் எதை அகற்றுவதானாலும், எதை மாற்றுவதானாலும், அது அங்குள்ள வனவிலங்குகளின் மேம்பாட்டுக்கும் சீரான பராமரிப்புக்கும் அவசியமாக இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்களின் சௌகரியம் அதற்கு அப்புறந்தான். கிண்டியில் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. காட்டை ஒட்டிச் சிறுவர் பூங்கா தனியாக இருக்கிறது. அது புதுப்பிக்கப்பட்டு 2024-இல் மறுபடி திறக்கப்பட்டது. ஊஞ்சலும் சிற்றுண்டியும் அங்கே இருக்கட்டும். காட்டுக்குள் மான் இருக்கட்டும்.

மரம் நடச் சொன்ன மூன்றாமவரின் யோசனையை என்ன செய்வது? மரம் நடுவது புண்ணியம் அல்லவா? பெரும்பாலும் புண்ணியந்தான். ஆனால் கிண்டியில் புள்ளிமானோடு வெளிமானும் வாழ்கிறது. வெளிமானுக்குப் பெயரிலேயே விலாசம் இருக்கிறது. வெட்டவெளியான புல்தரையில் தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்டு, தாவி ஓடிப் பிழைக்கும் பிராணி அது. புல்வெளியை மரமும் புதரும் மூடிவிட்டால் அதற்கு மேய இடமில்லை, ஓட இடமில்லை. ஆகவே வெளிமானைக் காப்பாற்ற விரும்புகிறவர் அங்கே சில இடங்களில் புதர்களை அகற்ற வேண்டியிருக்கும். இதைச் சொல்லாமல் ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்டால், "மரம் நடு" என்றே ஆயிரம் பேரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கேட்டால், நம் ஜனங்களுக்கு அது விளங்காமற் போகாது. சீமைக் கருவேலம் ஓர் ஏரியை என்ன பாடு படுத்தும் என்று கிராமத்தாருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இனி, எப்போது கேட்பது என்ற விஷயம். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மண் ஈரமாயிருக்கும்போது கோப்பையின் காதைச் சற்று மேலே வை, கீழே வை என்று சொல்லலாம். சூளையிலிருந்து வெளி வந்த பிறகு சொன்னால், கோப்பையை உடைக்கலாமே தவிர மாற்ற முடியாது. நம் நாட்டில் பல திட்டங்கள் சூளையிலிருந்து எடுத்த பிறகுதான் ஜனங்கள் முன்னால் வைக்கப்படுகின்றன. சர்க்கார் கெஜட்டில் நகல் அறிவிப்பு வரும்; ஆட்சேபணை தெரிவிக்க அறுபது நாள் அவகாசம் என்றிருக்கும். எத்தனை வீடுகளில் கெஜட் வாங்குகிறார்கள்? 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் நகல் முதலில் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுந்தான் வெளியாயிற்று. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை வெளியிட வேண்டும் என்று டில்லி ஹைகோர்ட் உத்தரவிட நேர்ந்தது. தமக்கு விளங்காத பாஷையில் கேட்ட கேள்விக்கு ஜனங்கள் பதில் சொல்லவில்லை என்பதை அவர்களுடைய சம்மதமாகக் கொள்வது எந்த ஊர் நியாயம்?

வழி தெரியாமல் இல்லை. மேற்சொன்ன 1972-ஆம் வருஷச் சட்டமே ஓர் இடத்தைத் தேசியப் பூங்காவாக்க உத்தேசிக்கும்போது, அங்கும் அக்கம்பக்கத்திலும் உள்ள ஒவ்வோர் ஊரிலும் கலெக்டர் அந்தப் பிரதேச மொழியில் பிரகடனம் செய்ய வேண்டும் என்கிறது. பூங்கா ஏற்படும்போது காட்டும் இந்த மரியாதையைப் பூங்காவில் மாறுதல் செய்யும்போதும் காட்டினால் என்ன?

இன்னும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. அதே ரயில் மார்க்கத்தில் மதுராந்தகத்துக்கு அருகே இருப்பது வேடந்தாங்கல். அந்த ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டு விளையாடியபோது, கிராமத்தார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் சென்று முறையிட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1798-இல் லயனல் பிளேஸ் என்னும் கலெக்டர், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்குக் கவுலாக எழுதிக் கொடுத்தார். அந்நிய ஆட்சியில், வோட்டுரிமை என்ற பேச்சே இல்லாத காலத்தில் நடந்தது இது! முதலில் ஜனங்கள் பேசினார்கள். பிறகு சர்க்கார் எழுதிற்று. 2020-இல் அந்தச் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை எழுந்தபோது, எதிர்ப்புக் குரல் பலமாகக் கிளம்பியது. பிறகு யோசனை கைவிடப்பட்டது. வேடந்தாங்கலில் இன்று பறவை இருப்பதற்குக் காரணம், அங்கே வாய் திறக்கும் ஜனங்கள் இருந்ததுதான்.

அமெரிக்காவிலும் இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டே கற்றார்கள். யோஸமிட்டி தேசியப் பூங்காவுக்கு 1970-களில் ஒரு திட்டம் தயாராயிற்று. அதில் வியாபாரக் கம்பெனியின் செல்வாக்கு மிகுதி என்று ஜனங்கள் வெகுண்டார்கள். பூங்கா இலாகா அதைக் கைவிட்டது. பல ஊர்களில் கூட்டம் போட்டும், விவரங்களும் கேள்விகளும் அடங்கிய புத்தகங்களை வேண்டியவர்களுக்கு அனுப்பியும் அபிப்பிராயம் கேட்டது. 1980-இல்தான் புதிய திட்டம் முடிவாயிற்று. வருஷங்கள் சென்றன என்பது உண்மை. காடு வளர எடுத்துக் கொள்ளும் காலத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் பெரிதல்ல.

நாம் கேட்பது அதிகமில்லை. திட்டம் ஈரமாயிருக்கும்போதே தமிழில் வெளியிடுங்கள். பூங்காவின் எல்லையில் வாழ்கிறவர்களை முதலிலும், தூரத்திலுள்ளவர்களைப் பிறகும் கேளுங்கள். வருஷந்தோறும் ஆகஸ்டு 15-ஆந் தேதியும் அக்டோபர் 2-ஆந் தேதியும் கூடும் கிராம சபைகளில் அதைப் படித்துக் காட்டுங்கள். வந்த யோசனைகளில் எதை ஏற்றோம், எதை ஏன் தள்ளினோம் என்று பதிலும் எழுதுங்கள்.

நேயர்களின் பங்கும் ஒன்றுண்டு. அறுபது நாள் என்பது அறுபது நாள்தான். அறுபத்தோராவது நாள் திண்ணையில் உட்கார்ந்து சர்க்காரை வைவதில் பிரயோஜனமில்லை. அறிவிப்பு வந்தால் வீட்டில் எல்லோரும் கேட்க உரக்கப் படியுங்கள். படித்து, விசாரித்து, நாலு வரி எழுதிப் போடுங்கள். சுதந்திரம் நமக்குக் கொடுத்திருக்கும் உரிமைகளில், கேட்பதற்கு முன்பே சொல்லும் உரிமையும் ஒன்று. மானுக்கு மனுப்போடத் தெரியாது.