பேஸ் ஏற்றிய குரலும் பார்வதி நகரும்



போன வாரம் ஒரு பழைய மாணவன் தன் ஹாம் ரேடியோவில் ஈக்வலைசர் போர்டு மாட்டிப் பேசியதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். எந்த வருஷத்து பேட்ச் என்று சொல்ல மாட்டேன், அவனே கமென்டில் வந்து நிற்பான். "சார், பேஸ் எப்படி இருக்கு பாருங்க. ரேடியோ நியூஸ் வாசிக்கிறவர் மாதிரி இல்ல?" என்று கேட்டான். "அவர் மாதிரிதான் இருக்கு, நியூஸ் என்னன்னுதான் புரியல" என்று பதில் போட்டேன். அதிலிருந்து கோபம். குரூப்பில் இன்னும் நாலு பேர் அவனுக்கு ஆதரவு. சார் பழைய காலத்து ஆளாம். சரி, பழைய காலத்து ஆள் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

உறவுக்காரர்களுக்கு ஒரு வரி விளக்கம். ஈக்வலைசர் என்பது குரலில் உள்ள கனத்த ஒலி, நடு ஒலி, கூர்மையான ஒலி ஆகியவற்றைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் பலகை. அத்தை வீட்டு ஹோம் தியேட்டரில் இருப்பதும் அதுதான். அதை மைக்குக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் மாட்டினால் நம் குரலை மாற்றி அனுப்பலாம்.

ரிச்சி தெருவில் கிடைக்கிற ஐந்து ஸ்லைடர் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 100, 300, 1000, 3000, 10000 ஹெர்ட்ஸ். அது பாட்டுக் கேட்கச் செய்தது. நம் எஸ்.எஸ்.பி. ரேடியோவின் வாசலோ சுமாராக 300-லிருந்து 2700 ஹெர்ட்ஸ் வரைதான். அதாவது முதல் ஸ்லைடரும் கடைசி ஸ்லைடரும் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. நம் பிள்ளைகள் முதலில் உச்சிக்குத் தள்ளுவது அந்த முதல் ஸ்லைடரைத்தான்! ஏற்றிய பேஸில் ஒரு பகுதி மைக் ஆம்ப்ளிஃபையரைத் திணற வைத்துவிட்டு ஃபில்டரில் செத்துப்போகிறது. தப்பி உள்ளே போகிற பகுதி ஏ.எல்.சி. முள்ளை இழுக்கிறது. ஏ.எல்.சி. ஒரு கண்டிப்பான வாத்தியார். ஒருவன் கத்தினால் வகுப்பு முழுவதையும் அடக்குவார். கனத்த உயிரொலி ஒன்றுக்காக மெல்லிய மெய்யெழுத்துகள் எல்லாம் சேர்ந்து அடங்கிப்போகும். அனுப்புவது நூறு வாட், போய்ச் சேர்வது ஒரு 'ஊம்' மட்டும்.

பேச்சின் பலம் ஓரிடத்தில் இருக்கிறது, பொருள் வேறிடத்தில் இருக்கிறது. குரலின் சக்தியில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ஆனால் 1947இலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் பிரெஞ்ச், ஸ்டைன்பெர்க் என்ற இருவர், புரிதலைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் கோடு சுமார் 1900 ஹெர்ட்ஸில் விழுகிறது என்று காட்டிவிட்டார்கள். தமிழுக்கு இது இன்னும் கறார். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் 1500-க்கும் 3000-க்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடத்தை அமுக்கிவிட்டு அடியில் ஏற்றினால் பல்லியும் பள்ளியும் ஒன்று, கிளியும் கிழியும் ஒன்று. தமிழ் ஐயா கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். ஆட்டோவில் கூம்பு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகிறவர் சொல்வது மூன்று தெரு தள்ளி ஏன் புரிகிறது? அந்தக் கூம்பில் பேஸ் கிடையாது. கல்யாண மண்டபத்து ஆளுயர ஸ்பீக்கரில் மாமா வாழ்த்திப் பேசுவது ஏன் புரிவதில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"பத்து ஸ்டேஷன் நல்லா இருக்குன்னு சொன்னாங்க சார்" என்கிறான். சொல்வார்கள். அவர்களுக்கு உன் சிக்னல் எஸ்-9க்கு மேல் 20 டெசிபெல். மழையில்லாத ஞாயிற்றுக்கிழமை. நீ என்ன சொல்லப்போகிறாய் என்பதும் அவர்களுக்குத் தெரியும்: ரிக், ஆன்டெனா, காபி ஆச்சா.

எனக்கு இந்தப் புத்தி இலவசமாக வரவில்லை. 2015 டிசம்பர் 1. மறுநாள் காலை எட்டரை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் வந்தது உங்களில் பலருக்கு மனப்பாடம். கரண்ட் இல்லை, செல்போன் செத்துவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டு மாடியில் கார் பேட்டரியை வைத்து 7 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருந்தேன். வெளியூர்களிலிருந்து சொந்தக்காரர்களைத் தேடுகிற செய்திகள் வரும். இங்கிருந்து முகவரிகள் போகும். அப்போது என் ரேடியோவில் ஒரு போர்டு மாட்டியிருந்தது. பேஸ் ஏற்றிய போர்டு. எனக்கும் அந்த ஆசை இருந்தது ஐயா. முப்பது வருஷம் கீச்சுக் குரலில் பாடம் நடத்தியவன், ரேடியோவிலாவது கம்பீரமாக இருப்போமே என்று.

பழைய பெருங்களத்தூர் பார்வதி நகரில் ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளி, மொட்டை மாடியில் இருக்கிறார் என்று சொன்னேன். இரைச்சலுக்கு நடுவே எதிர்முனையில் எழுதிக்கொண்டது "பாரதி நகர்". திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பவும் அதே குரலில், அதே பேஸில், இன்னும் உரக்கச் சொன்னேன். பாரதி பெயரில் நம் பக்கம் நகருக்கா பஞ்சம்? படகு வேறு பக்கம் போய்த் தேடிவிட்டு வந்தது. மூன்றரை மணி நேரம். பெரியவர் பிழைத்தார், அதில் என் பங்கு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் டிராக்டர் டியூபில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். 'வ' என்ற ஒரே எழுத்து. அது கரையேறாததற்குக் காரணம் மழையுமில்லை, எதிர்முனையில் எழுதியவருமில்லை.

அதனால் போர்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். மங்கலான மைக் இருந்தால், மூக்கில் பேசுகிறவராக இருந்தால், போர்டு பெரிய உதவி. என்னிடம் இன்றும் இருக்கிறது. மாட்டுகிற விதத்தில்தான் சண்டை.

மைக் தருவது சில மில்லிவோல்ட். போர்டு எதிர்பார்ப்பது நூற்றுக்கணக்கில். முன்னால் ஒரு ப்ரீஆம்ப் வைத்து ஏற்றியதை, போர்டுக்குப் பின்னால் இரண்டு ரெசிஸ்டர் போட்டு அதே அளவுக்கு இறக்க வேண்டும்; 10 கிலோ ஓமும் 100 ஓமும் போட்டால் நூறில் ஒரு பங்கு. இதைச் செய்யாமல் நேராகக் கொடுத்துவிட்டு "சார், குரல் உடையுது" என்று என்னிடம் வராதே. போர்டை உலோகப் பெட்டிக்குள் வை, பழைய பிஸ்கட் டின் போதும். உள்ளே நுழையும் ஒயரில் ஃபெரைட் மணி ஒன்று, குறுக்கே .001 மைக்ரோஃபாரட் டிஸ்க் கபாசிட்டர் ஒன்று. இல்லாவிட்டால் உன் சிக்னலே உன் மைக்குக்குள் புகுந்து கரகரக்கும். 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் எர்த் இரண்டு இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். பி.டி.டி. ஒயரைப் போர்டு பக்கமே கொண்டுபோகாதே.

அப்புறம் ஒரு பைபாஸ் சுவிட்ச். எல்லா ஸ்லைடரையும் நடுவில் வைத்து, டம்மி லோடில், போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏ.எல்.சி. முள் ஒரே இடத்தில் நிற்கும்படி லெவலைச் சரிசெய். பிறகு 100-ஐயும் 10000-ஐயும் முழுக்க இறக்கு. 300-ஐக் கொஞ்சம் இறக்கு. 1000-ஐத் தொடாதே. 3000-ஐ நாலைந்து டெசிபெல் ஏற்று. ஏ.எல்.சி.யை மறுபடி பார். ஹெட்போனில் உன் குரல் உனக்கே பிடிக்காது. பிடிக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தாலும் வேலை பாதிதான். பவரை 5 வாட்டுக்கு இறக்கி, தூரத்து நண்பருக்கு இருபது தனிச் சொற்களைப் படி. வாக்கியமாகப் படிக்காதே, வாக்கியமென்றால் கேட்கிறவர் ஊகித்துவிடுவார். கதவு எண்ணையும் தெருப் பெயரையும் ஊகிக்க முடியாது. அவர் எழுதியதைப் பார்த்து ஸ்லைடரை நகர்த்து. என் முதல் பரிசோதனையில் இருபதுக்குப் பதினொன்று. வகுப்பில் அந்த மார்க்குக்கு உங்களை என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். 300-ஐ இன்னும் இறக்கியபிறகு பதினேழு. ழகரம் மட்டும் இன்னும் தகராறு.

வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் செய்து முடியுங்கள். வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் 5 வாட்டில் வருவேன், அலைவரிசையை முதல்நாள் இரவு குரூப்பில் போடுகிறேன். இருபது சொல் படிப்பேன், எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்து நீங்கள் படியுங்கள், நான் எழுதுகிறேன். போன வாரம் கோபித்துக்கொண்டவன் முதலில் படிக்கட்டும். பேனா சிவப்புதான் வைத்திருக்கிறேன்.